கார்த்திகை முடிவதற்குள் ஓர் உதை

மார்கழியில் புது வீடு புகக் கூடாது, பெண் பார்க்கப் போகக் கூடாது, கடை திறக்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகச் சாக்கில் கிடந்த ரேஸ் மோட்டார் சைக்கிளின் என்ஜினை உதைத்துக் கிளப்பவும் கூடாது என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாத்துலயும் இருக்குது. நீங்கதான் படிக்கல" என்றாள்.

படிக்கவில்லை என்று என்னைச் சொன்னவர்கள் குறைவு. மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் படிவம், அதற்கு எத்தனை நகல், எந்த நகலில் யார் கையெழுத்து என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.

வண்டி என் மனைவியின் தம்பியுடையது. திண்டிவனத்தில் பம்ப்செட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். இருபதுகளில் இந்த நூறு சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியில் பந்தயங்களுக்குப் போனான். கோப்பை ஒன்றும் வாங்கியதில்லை. கல்யாணமானதும் வண்டியைக் கழற்றி மூன்று சாக்குகளில் போட்டு, கடைப் பரணில் ஏற்றிவிட்டான். இப்போது அவனுக்கு அறுபது நெருங்குகிறது. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. புதுச்சேரி டாக்டர் தை மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் குறித்து, மூட்டு மாற்று அறுவை என்றார். நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் பழையபடி முழுக்க மடக்க முடியாது என்றும் சொன்னார். ரேஸ் வண்டியின் கால்மிதிகள் பின்னால் தள்ளி, உயரத்தில் இருக்கும். குந்தினாற்போல் காலை மடக்கினால்தான் ஓட்ட முடியும். அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிறு, சென்னைப் பக்கத்து டிராக்கில் பழைய வண்டிகளுக்கான பந்தயம் ஒன்று இருந்தது. எட்டுச் சுற்று. அதில் ஓட்டிவிட்டுத்தான் மேஜையில் படுப்பேன் என்று மூன்று சாக்குகளையும் ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்துவிட்டான்.

எங்கள் வீட்டுப் பின்புறம் காருக்காகக் கட்டிய கொட்டகை இருக்கிறது. ஓய்வுபெற்றதிலிருந்து கார் தெருவில்தான் நிற்கிறது. கொட்டகையில் உறுப்புகளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேஜை, இரண்டு டியூப் லைட், அளவுக் கருவிகள், ஒரு பதிவேடு. கழற்றிய ஒவ்வொரு உறுப்புக்கும் வரிசை எண் போட்டேன். நட்டுகளைக்கூட எண்ணி எழுதினேன்.

"மாமா, இது இன்னா வண்டியா, வாக்காளர் பட்டியலா?" என்றான் அவன்.

"திரும்ப மாட்டும்போது ஒரு நட்டு மிச்சம் இருந்தா யாரைக் கேட்பே?"

"மிச்சம் இருந்தா வெயிட்டு கொறைஞ்சிதுன்னு வெச்சிக்குவேன். அந்தக் காலத்துல அதுக்குன்னே கழட்டிப் போடுவோம்."

ஐப்பசி மழை முழுவதும் இப்படிப் போனது. கிராங்க் பேரிங்குகளை மாற்றினோம். சிலிண்டரைப் பெரிதாக்கிப் புது பிஸ்டன் போட வேண்டியிருந்தது. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே பலமுறை குடையப்பட்டது. சந்தையில் கிடைக்கும் கடைசி அளவு பிஸ்டன்தான் இனி சேரும். அதையும் கெடுத்தால் வேறு பிஸ்டன் கிடையாது.

சிலிண்டர் குடையும் நல்ல போரிங் பட்டறை திண்டிவனத்தில்தான் இருந்தது. அவனிடம் கொடுத்தனுப்ப மனமில்லாமல், சிலிண்டரையும் பிஸ்டனையும் ஒரு குக்கர் அட்டைப்பெட்டியில் வைத்து நானே பேருந்தில் போனேன். மடியில் பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "எத்தினி லிட்டரு சார்?" என்றார். நூறு மில்லி என்றேன். சிறிது யோசித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

பட்டறைக்காரரிடம், சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"பத்தாது சார். ரேஸ் வண்டி சூடேறினா பிஸ்டன் உப்பும். அப்டியே கவ்விக்கும். இன்னும் கொஞ்சம் லூசு உடணும்."

"கம்பெனி புத்தகத்தில் இருக்கிற அளவு."

"அது ரோட்டுல போற வண்டிக்குப் போட்ட புத்தகம் சார்."

"எழுத்தில் இருக்கிறதைச் செய்யுங்க."

"செய்யிறேன். இதுக்கு அடியில ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

போட்டேன். பணிக்காலம் முழுக்க நான் பிறரிடம் கேட்டது அதைத்தானே.

என்ஜினைக் கோத்து முடித்தபோது கார்த்திகை முடிய மூன்று நாள் மிச்சம். கிளப்பிப் பார்ப்பது பற்றிப் பேச்சு வந்தபோதுதான் என் மனைவி மார்கழியைச் சொன்னாள். புது பிஸ்டன், புது பேரிங், அதனால் இது புது என்ஜின் என்பது அவள் வாதம். என்ஜின் எண் அடித்திருப்பது கிராங்க் கேஸில், அது மாறவில்லை, ஆகவே சட்டப்படி இது பழைய என்ஜின்தான் என்பது என்னுடையது.

"அக்கா சொல்றதைக் கேட்டுக்கலாம் மாமா" என்றான் மைத்துனன். ரேஸுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பயம் உண்டு என்பது எனக்குத் தெரியும். "தை பொறந்ததும் கெளப்புவோம்."

தை பிறந்து கிளப்பினால், புது பிஸ்டனை மெதுவாக ஓட்டிப் பழக்க இரண்டு வாரம்கூட இருக்காது. அப்போதுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது. மார்கழியில் வீடு மாற வேண்டியவர்கள் என்ன செய்கிறார்கள்? கார்த்திகையிலேயே ஒரு நல்ல நேரத்தில் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு மார்கழியில் சாமானை ஏற்றினால் யாரும் குறை சொல்வதில்லை. அதுபோலக் கார்த்திகை முடிவதற்குள் ஓர் உதை, ஒரு நிமிஷம் ஓட்டம். அதன் பிறகு நடப்பதெல்லாம் தொடர்ச்சிதான், தொடக்கம் அல்ல.

என் மனைவி வெகுநேரம் யோசித்தாள். எனக்கு நம்பிக்கையில்லாத ஒரு விதியில் நான் கண்டுபிடித்த விலக்கை, நம்பிக்கையுள்ளவள் ஏற்றுக்கொண்டாள். "சரி. கற்பூரம் காட்டிட்டு உதைங்க" என்றாள். சொன்னால் வெட்கம்தான், பதவி உயர்வு வந்தபோதுகூட நான் இவ்வளவு திருப்தி அடைந்ததில்லை.

கார்த்திகை கடைசி நாள் பிற்பகல், ராகு காலம் கழிந்ததும், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினோம். பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலந்து ஊற்றினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. அவன் முழங்காலை வைத்துக்கொண்டு உதைக்க முடியாது, அதனால் நான் உதைத்தேன். ஏழாவது உதையில் பிடித்துக்கொண்டது.

சைலென்சர் இல்லாத சத்தம். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். கொட்டகை புகையால் நிறைந்தது. அவன் வண்டியில் உட்கார்ந்து, கால்களை இரு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகினான். ஒரு நிமிஷம் ஆனதும் கையைக் காட்டினேன். அவன் பார்க்கவில்லை. இரண்டாவது நிமிஷமும் காட்டினேன். மூன்றாவது நிமிஷம் நான் காட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். நின்ற இடத்தில் ஓடும் என்ஜினுக்குக் காற்று படாது, சூடு இறங்காது என்பது முதல் பாடத்தில் வருவது. நான்காவது நிமிஷம் என்ஜின் ஒரு கீச்சலோடு இறுகி நின்றது.

அந்த அமைதியில் வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "என்னாங்க, பால் பொங்கிடுச்சா?"

சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டனின் இரு பக்கமும் உரசல். சிலிண்டர் சுவரில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள். அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான்தான் மாமா திருகிட்டேன். சத்தத்தைக் கேட்டதும் புத்தி எங்கியோ போயிடுச்சி" என்றான். அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்ல அது சரியான நேரம்தான். பதிவேட்டில் "அதிக வெப்பத்துக்கு உள்ளாக்கப்பட்டு இறுகியது" என்று எழுதினேன். செயப்பாட்டு வினையின் பயனை அரசு ஊழியன் அறிவான்.

மறுநாள் இருவரும் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் சிலிண்டரை வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு சுவரில் கம்பியில் குத்தியிருந்த காகிதங்களைப் புரட்டி என் சீட்டை உருவி மேஜையில் வைத்தார்.

"கையெழுத்து சாரோடதுதானே?"

மைத்துனன் சீட்டைப் படித்தான். என்னைப் பார்த்தான். அடிவயிற்றிலிருந்து சிரித்தான்.

"புத்தகத்தையும் ஒரு பாயிண்டு போரிங் பண்ணிட்டு வந்திருக்கலாம் மாமா!"

"நேத்தே சொல்லியிருப்பேன்..."

"உடுங்க. நாலு நிமிசம் திருகினது நான்தானே. ஆளுக்குப் பாதி."

ஒரே வழி, பழைய சுவரைக் குடைந்தெடுத்துவிட்டுச் சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை ஒன்றை இறக்குவது. ஸ்லீவ் என்பார்கள். இறக்கினால் பழையபடி சின்ன அளவு பிஸ்டன் போடலாம். ஆனால் வாயு வந்து போகும் ஜன்னல்களை அந்த உறையில் கையால் அரம் போட்டுத் திறக்க வேண்டும். இந்தச் சிலிண்டரின் ஜன்னல்கள் கம்பெனி அளவில் இல்லை. வேகத்துக்காக அவனே அந்தக் காலத்தில் அராவிப் பெரிதாக்கியவை. அளவு எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

ஆகவே மார்கழி முழுக்க நான் விளக்குப் பிடித்தேன், அவன் அராவினான். காலையில் ஏழரை பஸ்ஸில் திண்டிவனத்திலிருந்து வந்துவிடுவான். பனி விலகாமல் கொட்டகைத் தகரம் சொட்டிக்கொண்டிருக்கும். வலது காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, விரல் தடிமன் அரத்தை உள்ளே விட்டு, பத்து இழுப்புக்கு ஒருமுறை ஊதிப் பார்ப்பான். என் மனைவி அவித்த மல்லாட்டைக் கடலையைக் கொண்டுவந்து வைப்பாள். மார்கழி ஆட்சேபணை அவளுக்கு இல்லை. "ரிப்பேரு பண்ணலாம். கார்த்திகையிலயே ஆரம்பிச்சாச்சே" என்றாள். என் விலக்கு இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

போட்டிக்கான படிவத்தை நான் நிரப்பினேன். அவன் அடிக்கடி வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்ப்பான். ஒவ்வொரு முறையும் கால்களைத் தொங்கவிட்டுத்தான் உட்கார்ந்தான். ஒருமுறைகூடக் கால்மிதியில் வைக்கவில்லை. நட்டுகளை எண்ணி எழுதிய நான் இதை எழுதவில்லை.

போகிக்கு முந்தைய நாள் என்ஜின் மறுபடி முழுமையானது. இந்த முறை இடைவெளி பட்டறைக்காரர் சொன்ன அளவு. இனி ஓட்டிப் பழக்க வேண்டும். ரேஸ் வண்டிக்குப் பதிவெண் கிடையாது. பொதுச் சாலையில் அதை ஓட்டினால் எந்தப் பிரிவின் கீழ் பிடிக்கலாம் என்பதை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். தனியார் இடம் வேண்டும். பக்கத்து ஊரான கெடாரில் ஒரு விவசாயியின் நெல் மில்லில் பெரிய சிமெண்ட் களம் இருந்தது. பொங்கல் கழிந்து சம்பா நெல் வரும்வரை காலி. எப்போதோ டிராக்டர் பதிவுக்கு என்னிடம் வந்தவர் அவர்.

"மூணு தபா திருப்பி அனுப்புனீங்க சார், ஞாபகம் இருக்குதுங்களா? ஒரு ஜெராக்ஸ் கொறையுதுன்னு."

"இருக்கு."

"அப்ப ஒரு லெட்டரா எழுதிக் குடுங்க. எத்தினி மணிலேர்ந்து எத்தினி மணி வரைக்கும், எதுக்குன்னு."

எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, தேதி போடவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை வண்டியை இறக்கினோம். நாளைக்கு நெல் வருகிறது, இன்று ஒரு நாள்தான் என்றார் மில்காரர். நான் உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது. பாதிக்கு மேல் திருகக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். களத்தைச் சுற்றிப் போனான். முதல் இரண்டு சுற்று காலைத் தொங்கவிட்டபடி. மூன்றாவது சுற்றில் கால்களை மிதியில் ஏற்றினான்.

அதன் பிறகு அவன் பாதியோடு நிற்கவில்லை. களத்தின் நீளப் பக்கத்தில் முழுக்கத் திருகினான். என்ஜின் கத்திக்கொண்டு ஏறியது. மூலைக்கு முன் சரியாக அடங்கி, சாய்ந்து திரும்பி, மறுபடி ஏறியது. கையைக் காட்டவில்லை நான். இந்த முறை வண்டிச் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பத்து சுற்று எண்ணினேன். பதினொன்றில் என் முன்னால் வந்து நின்றான். இறங்கவில்லை.

"மாமா, கால் நீள மாட்டேங்குது."

நானும் மில்காரருமாக அவனைத் தூக்கி, மடங்கிய கால் மடங்கியபடியே, நெல் மூட்டை அடுக்கும் மேடையில் உட்கார வைத்தோம். காலை நீட்டக் கால் மணி நேரம் ஆனது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு தண்ணீர் கேட்டான்.

"டிராக்குல எட்டு சுத்துன்னா இதைவிடப் பத்து பங்கு தூரம்" என்றான். "நடுவுல கால் பூட்டிக்கிச்சின்னா பின்னாடி வர்றவன் மேல ஏத்திடுவான். வேணாம் மாமா. வர்லன்னு எழுதிடுங்க."

"சரி."

"எஞ்சின் எப்டி ஓடுச்சி பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"இன்னும் ரெண்டு பல்லு ஏத்தலாம் அதுல" என்றான். பின்சக்கரத்துச் செயின் பல்லைச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

களத்தில் எண்ணெய்ச் சொட்டும் டயர்த் தடமும் இருந்தன. நெல்லில் வாசனை ஏறும் என்றார் மில்காரர். சோப்புத் தூளும் தென்னந்துடைப்பமும் கொடுத்தார். மதியம்வரை தேய்த்தேன். என் கடிதத்தில் இதையும் எழுதியிருக்க வேண்டும் என்று ஒருமுறை சொன்னார்.

விலகுவதற்கும் ஒரு படிவம் இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தேன். பெயர், வண்டி வகுப்பு, காரணம். மைத்துனன் பக்கத்தில் நாற்காலியில், முழங்காலில் வெந்நீர்ப் பையோடு இருந்தான். என் மனைவி வாசற்படியில் நின்று இருவரையும் பார்த்தாள்.

"முழங்காலுன்னு எழுதாதீங்க மாமா. அங்க வர்றவனுங்க எல்லாரும் என்னைத் தெரிஞ்சவனுங்க. எஞ்சின் ரெடி ஆவலன்னு எழுதுங்க."

வாழ்நாளில் ஒரு படிவத்திலும் தெரிந்தே பொய்யான தகவல் எழுதியவனில்லை நான். எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெக்கானிக் பெயர் என்ற கட்டத்தில் என் பெயர்தான் இருந்தது. என்ஜின் குறித்த காலத்தில் தயாராகவில்லை என்று தட்டி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்து, அனுப்பினேன்.