அக்காவின் வீடு பற்றிய விசாரணை

எங்கள் குடும்பத்தார் நிரப்பிய முதல் அரசாங்கப் படிவம் என் கையெழுத்தில்தான் இருந்தது. அதனாலேயே எங்களுக்கு முதலில் வீடு கிடைக்காமல் போனது.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். தேற்றாத்தீவுக் கரையிலிருந்த எங்கள் வீட்டையும், பதின்மூன்று வயது அக்காவையும் கடல் கொண்டுபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. வாவிப் பக்கத்து முகாமில் கூடாரமொன்றில் இருந்தோம். வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லிப் படிவம் கொடுத்தார்கள். வாவியில் வலை வீசும் அப்பாவுக்குப் பெருவிரல் வைக்கத்தான் தெரியும். அம்மாவுக்கும் அப்படியே. நான் குந்தியிருந்து ஒவ்வொரு கேள்வியாக வாசித்தேன்; அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ‘வீட்டின் உரிமையாளர்’ என்ற இடம் வந்ததும் அம்மா யோசிக்காமல் அக்காவின் பெயரைச் சொன்னார். அதை இன்னும் கொஞ்சம் வடிவாக, எழுத்தை உருட்டி உருட்டி எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் அது பொய்யில்லை. வீடு பெண்பிள்ளைக்குரியது. மூத்த மகள் பிறந்த நாளிலிருந்தே அதை அவளுடைய வீடு என்றுதான் சொல்வார்கள். அவளுக்குக் கலியாணம் முடியும்வரை தாய் தகப்பன் அதில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். படிவம் வாங்கிய அரசாங்க அலுவலகத்துக்கு இது தெரியாதோ, தெரிந்தும் படிவத்தில் அதற்கு இடமில்லையோ, பதில் வந்தது: உரிமையாளர் இறந்துவிட்டார், விண்ணப்பித்தவருக்குச் சொந்த வீடு இருந்ததில்லை.

வீட்டுப் பட்டியலில் குளறுபடி என்று ஊர் ஊராக முறைப்பாடு எழும்பியதால், விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. எங்களையும் கூப்பிட்டார்கள்.

“என்ட வீடு எண்டு ஒரு சொல்லுச் சொல்லுகா. நாக்குத் தேஞ்சா போகும்?” என்றார் அப்பா, அம்மாவிடம்.

“அவள் இல்லையெண்டாப்போல அவள்ட வீட்ட நான் பறிக்கிறதா?”

அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். பக்கத்துக் கூடாரத்து மாமிதான் விடவில்லை. “பறிக்கிறதுக்கு அங்க என்னகா இரிக்கு? அத்திவாரமும் ரெண்டு தென்னையுந்தான். மாரி வந்தா இந்தக் கூடாரமும் வாவிக்குள்ள போயிரும், பாத்துக்க. அதுவும் வாறது அரசாங்கத்துட லோயர். அவர் அரசாங்கத்துக்குத்தானே பேசுவார்?”

பள்ளிக்கூட மண்டபத்தில் அமர்வு நடந்தது. குழுத் தலைவருக்குப் பக்கத்தில் நின்ற அரச சட்டத்தரணி மெலிந்த மனிதர். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு யாருடையது?” என்று தலைவர் கேட்டார்.

“மகள்ட,” என்றார் அம்மா.

அலுவலக அதிகாரி என் படிவத்தைத் தூக்கிக் காட்டினார், நாங்கள் செய்தது சரிதானே என்பதுபோல. மாரி மழையும் கூடாரமும் என் கண்முன் வந்தன. எழும்பி நின்றுவிட்டேன்.

“சேர், அது அம்மாட வீடுதான். நான்தான் பிழையா எழுதிப்போட்டன்.”

சட்டத்தரணி என் பக்கம் திரும்பினார். “அம்மா சொன்னதை எழுதினீங்களா, நீங்களாக எழுதினீங்களா?”

அதுவரை என்னை யாரும் ‘நீங்கள்’ என்று அழைத்ததில்லை. அதைக் கேட்டபின் பொய் வரமாட்டேன் என்றது.

“அம்மா சொன்னத்த.”

“அப்ப சரியாத்தான் எழுதியிருக்கீங்க. இருங்க.”

பிறகு அம்மாவிடம், “கடல் வந்த அன்று காலையில் என்ன சமைச்சீங்க?” என்று கேட்டார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். மனிதருக்குப் பசி போலும் என்று நான் நினைத்தேன்.

“புட்டு.”

“அடுப்பு மூட்டினது?”

“வேற ஆரு? நான்தான்.”

“அந்த வீடு உங்களுக்கு எப்படி வந்தது?”

“எங்கட அம்மா தந்த. கலியாணத்துக்கு.”

“மகளுக்கு எப்ப கொடுக்க இருந்தீங்க?”

“அவள் கலியாணம் முடிக்கக்குள்ள.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் என்ட பொறுப்பிலதான் இரிந்திச்சு, சேர்.”

சட்டத்தரணி தலைவரிடம் திரும்பினார். இந்தத் தாய் படிவத்திலும் பொய் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை. வீடு இன்னும் கைமாறவில்லை. ஊர் வழக்கத்தைக் கேட்காமல் படிவத்தை மட்டும் கேட்டதுதான் தவறு. இதே காரணத்துக்காகத் தள்ளப்பட்ட எல்லாப் படிவங்களையும் திரும்ப எடுக்க வேண்டும் என்றார். மாமி வாயில் கைவைத்துக்கொண்டார். அரசாங்கத்தின் ஆள் அரசாங்கத்தின் படிவத்துக்கு எதிராகப் பேசியதை அவர் அன்றுதான் பார்த்தார்.

பின்னாளில் சட்டம் படித்தபோது அந்தச் சட்டத்தரணி எழுதிய அறிக்கைகளைத் தேடித் தேடி வாசித்தேன். அவரோடு வேலையில் சேர்ந்தவர்கள் கொலை வழக்குகள் பேசிப் பத்திரிகைகளில் வந்தார்கள். அவரை விசாரணைகளுக்கே அனுப்பினார்கள். விபத்து, வெள்ளம், தீ, பிறகு கடல். விசாரணையில் வெற்றி தோல்வி கிடையாது, அறிக்கைதான் உண்டு. அதையும் எல்லா நேரமும் யாராவது வாசிப்பார்கள் என்றில்லை. இருந்தும் ஒவ்வொன்றையும் நாளைக்கே நடைமுறைக்கு வரப்போவதுபோல எழுதியிருந்தார். யுத்தம் முடிந்தபின், பிள்ளைகளைக் காணாத தாய்மார் வரிசையாக வந்த அமர்வுகளிலும் அவர்தான் கேள்வி கேட்டார். தன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த மாமியின் படிவத்தை நிரப்பிக்கொண்டு நானும் போயிருந்தேன். தாய்மார் அவரைத் திட்டினார்கள். தலை முழுக்க நரைத்திருந்த அவர், அவர்கள் திட்டி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தலைவர் உத்தரவிட்டதும் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அம்மா புறப்படத் திரும்பினார். சட்டத்தரணி மறித்தார்.

“அம்மா, மகள்ட பேர் என்ன?”

அம்மா சொன்னார். படிவம் எழுதிய நாளுக்குப் பிறகு எங்களில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லி, அமர்வுக் குறிப்பை எழுதுகிறவர் அதை எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். அம்மா இரண்டாம் முறை கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடவுமில்லை.

வெளியே வந்ததும் அப்பாவிடம் கேட்டேன்: “படிவத்துல நான் வடிவா எழுதித்தானே இரிக்கு? ஏன் அவர் திரும்பக் கேக்கிற?”

அப்பா என் தலையில் கையை வைத்தார்.

கொழும்பிலிருந்து வந்த அந்தப் பெரிய சட்டத்தரணிக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வராது என்று நான் பல நாள் வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.