கார்லீனுக்குப் போட்ட மார்க்

டெல்மர் ஹாஸ் எங்கள் ஊர் காகித ஆலையில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். கடைசிப் பதினொரு வருஷம் ஃபோர்மேன். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் நானும் ஒருவன். யாராவது ஏமாந்துபோய் வந்து நின்றால், "கண்ணை எங்க வச்சிருந்த?" என்றுதான் முதலில் கேட்பார்.

ஆலையை மூடியபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. மனைவி நோரீன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். காலையில் அவள் கிளம்பும்போது அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார். சாயந்தரம் அவள் திரும்பும்போதும் அங்கேதான் இருப்பார். ஒருவனும் பதில் போடவில்லை.

பதில் போட்டது ஒரே ஒரு கம்பெனி. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி கடைக்குப் போய், ஊழியர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து எழுதித் தரும் வேலை. அவர் ஒத்துக்கொண்ட நான்காம் நாள் கூரியரில் கவர் வந்தது. உள்ளே இரண்டாயிரத்து நானூற்றைம்பது டாலருக்கு ஒரு செக்கும் ஒரு கடிதமும். செக்கைக் கணக்கில் போட்டு, நானூற்றைம்பதைச் சம்பளமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. மீதிக்கு சூப்பர் மார்க்கெட்டில், பணம் போலச் செலவழிக்கக்கூடிய கிஃப்ட் கார்டுகள் வாங்கி, பின்பக்கம் சுரண்டி, எண்களைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். காசாளருக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். யாரிடமும் மூச்சு விடக் கூடாது. விட்டால் சோதனையே கெட்டுவிடும்.

அந்தக் கடைசி வரிதான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மறுநாள் காலையில் கணக்கில் பணமும் ஏறியிருந்தது. இனி என்ன சந்தேகம்?

கடையில் கவுன்ட்டரில் இருந்தவள் கார்லீன். ஆலையில் பேக்கிங் பிரிவில் இருந்தவள். கார்டுகளைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"என்ன பாஸ், இத்தனை கார்டு? யாருக்கு?"

"அக்கா மக கல்யாணம்."

"யாராவது போன்லயோ மெயில்லயோ வாங்கச் சொன்னாங்களா? கோவிச்சுக்காதீங்க, நாங்க கேட்கணும். இப்படி நிறைய பேரு ஏமாந்துட்டுப் போறாங்க."

"என்னைப் பார்த்தா ஏமாளியாத் தெரியுதா? உன் வேலை பில்லு போடுறது. அதைச் செய்."

பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கார்லீன் முகம் சிவக்க பில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து எண்களை அனுப்பிவிட்டு அறிக்கை எழுதினார். 'இந்த ஊழியர் வாடிக்கையாளரின் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்கிறார். இவரை இந்த இடத்தில் வைத்திருப்பது கடைக்கு நல்லதல்ல.' பத்துக்கு மூன்று.

கார்டு வாங்கிய ஒன்பதாம் நாள் வங்கியிலிருந்து போன் வந்தது. செக் போலி.

"அதெப்படி? பணம் ஏறிடுச்சே, நான் பார்த்தேனே?" என்றார்.

"கணக்குல பணம் காட்டுறது வேற, செக் பாஸாகுறது வேற சார். பணத்தை நாங்க சீக்கிரமே எடுக்க விட்டாகணும், அது சட்டம். போலின்னு தெரியவர சில சமயம் வாரக்கணக்காகும். எடுத்த பணத்துக்கு நீங்கதான் பொறுப்பு. உண்மையில வேலை கொடுக்கறவன் முன்கூட்டியே செக் அனுப்பி, அதுல கார்டு வாங்கி நம்பர் அனுப்புன்னு கேட்கவே மாட்டான்."

அந்தக் கம்பெனிக்கு போன் போட்டுப் பார்த்தார். மணி அடிக்கவேயில்லை.

நோரீனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டார். அவள் சத்தம் போடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "கேட்கக் கூடாதுன்னு எழுதியிருந்தது," என்று சொல்லும்போதே தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பணத்தைவிட அந்த அறிக்கைதான் அவரை அரித்தது. அது கடைக்கும் போயிருக்குமோ, கார்லீனின் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நேரே அவளிடமே போனார். அவள் சாப்பாட்டு இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னார். அவள் முதலில் ரசீதைக் கேட்டாள். கார்டு கம்பெனிக்கு அவளே போன் செய்து கொடுத்தாள். எல்லாம் காலி. அவர் எண்களை அனுப்பிய அன்றைக்கே, ஒரு மணி நேரத்துக்குள் பணத்தை எடுத்துவிட்டார்கள்.

"அறிக்கை எங்கேயும் போயிருக்காது. அது அந்தத் திருடனுக்கு வெறும் குப்பை," என்றாள். பிறகு, "எனக்கு எத்தனை மார்க் போட்டீங்க?"

"மூணு."

"மூணா!" கையிலிருந்த சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றிவைத்தாள். "நான் உங்களைக் காப்பாத்தப் பார்த்தேன் பாஸ்."

சாண்ட்விச்சை ஓரமாக வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"நம்ம மில் ஆளுங்க எல்லாரும் இப்ப வேலை தேடிட்டுதான் அலையறாங்க. அவங்களுக்கும் இந்தக் கவர் வரும். நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்றேன்," என்றார்.

சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் பழைய ஆட்கள் ஊர் மதுக்கடையில் பொரித்த மீன் சாப்பிடக் கூடுவோம். மூன்று வெள்ளிக்கிழமை வந்தார், மீன் தின்றார், போனார். எங்களைப் பார்த்து வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்வியை நாங்கள் திருப்பிக் கேட்போம் என்று பயம்.

நான்காவது வெள்ளிக்கிழமை வர்ஜில் லேட்டாக வந்தான். ஆலையில் இயந்திரம் ஓட்டினவன். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டான்: "நான் ஒரு முட்டாள்டா. கடையை வேவு பாக்குற வேலைன்னு ஒரு செக் வந்துச்சு..." டிரக் தவணைக்குக் கட்ட வைத்திருந்த பணமெல்லாம் போய்விட்டது. போன வாரம் செவ்வாய்க்கிழமை கார்டுகளை வாங்கினானாம், பக்கத்து ஊர்க் கடையில், கேள்வி கேட்காத காசாளரிடம்.

டெல்மர் எழுந்து நின்றார். கவர், செக், கார்டு, கார்லீன், அந்த மூன்று மார்க் எல்லாவற்றையும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்களில் ஒருவன் சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒரு கவரை எடுத்து மேஜைமேல் வைத்தான், இன்னும் பிரிக்கவில்லை.

வர்ஜில் மட்டும் கேட்டான்: "உனக்கு இது எப்பத் தெரியும்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா? எதிர்லயே உட்கார்ந்து மீன் தின்னுட்டு இருந்தியேடா!"

வர்ஜில் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டான். இப்போது டெல்மர் வேலை தேடுகிற யாரைப் பார்த்தாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார், கேட்காவிட்டாலும் சொல்கிறார். வர்ஜில் இன்னும் அந்த வேறு மேஜையில்தான் சாப்பிடுகிறான்.