கண்ணாடியில் தெரிந்த மேடு

தார் உருகும் மணம் எங்கே வந்தாலும் எனக்கு றோட்டு ஞாபகம் வராது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த அறைதான் வரும்... தாரில் சிவப்புப் பொடி பூசி, அக்கா கண்ணாடி தேய்த்துக்கொண்டிருப்பாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அக்காவின் கனடா விசாவுக்காகக் காத்திருந்த காலம். மற்றப் பெட்டைகள் இங்கிலிஷ் கிளாஸ் போனார்கள். இவளுக்கோ தானே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்து சனியின் வளையம் பார்க்கிற விசர்.

"சனியன் எங்களைப் பிடிச்சது காணாதே? நீ வேற தேடிப் பாக்கப்போறியோ?" என்பேன்.

பகலிலேயே யன்னலுக்குப் பெட்ஷீட் கட்டி அறையை இருட்டாக்குவோம். பால்மா டின்னில் ஊசித்துளை, உள்ளே பல்ப். அந்த வெளிச்சம் எட்டடி தள்ளியிருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் இடத்தில் ஒரு சவர பிளேட். அதன் ஓரத்தில் கண்ணை வைத்தால்... கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறத்தில் மிதக்கும். நிழல் விழும் விதத்தில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியும். ரயில் போனால் எல்லாம் நடுங்கும். அது போகும்வரை மூச்சுவிடாமல் இருப்போம்.

விசா வந்தது. ஞாயிறு ப்ளைட். நல்லவேளை, புதன்கிழமை நிழல் மேடுபள்ளமில்லாமல் பட்டுப்போல் இருந்தது. அக்கா துள்ளினாள்.

வெள்ளி காலை ஆமிக்காரர் வீட்டுச் செக்கிங் வந்தார்கள். கடலோரத்துத் தமிழ் வீட்டில் தூரத்தைப் பார்க்கிற சாமான்! யாருக்கு விளக்கம் சொல்வது? அக்கா கண்ணாடியை ஹவுஸ்கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்தபடி கதிரையில் இருந்தாள். அவர்கள் பொலிஸ் ரிப்போர்ட் எல்லாம் பார்த்துப் போக அரை மணித்தியாலம்.

ஏதாவது பழுதோ என்ற பதற்றத்தில் உடனேயே டெஸ்ட் பண்ணினோம். நடுவில் பெரிய மேடு!

"ஐயோ, எல்லாம் போச்சடி..." அக்கா அழுதே விட்டாள். பின்னேரம் வரைக்கும் நடுவைத் தேய்த்துத் தேய்த்து, மேடு மறைந்த பிறகுதான் சாப்பிட்டாள்.

மறுநாள் அவள் பயணச் சாமான் வாங்கப் போனபோது நான் தனியே பார்த்தேன். நடுவில் பள்ளம். அப்போதுதான் விளங்கியது... முதல்நாள் கண்டது, அக்காவின் உடம்புச் சூட்டில் கண்ணாடி வீங்கியிருந்ததைத்தான். ஆறவிட்டிருந்தால் மேடு தானாகவே போயிருக்கும்; நாங்கள் சூட்டோடு தேய்த்துப் பள்ளமாக்கிவிட்டோம். எனக்கு அழுகை வந்தது.

கண்ணாடியை என்னிடம் விட்டுப்போன அக்கா எயர்போர்ட்டில் கேட்டாள்: "இப்ப சரிதானேடி?"

"ஓம் அக்கா. நல்ல வடிவா இருக்கு."

இன்றைக்குச் செக்கிங் இல்லை. கடற்கரை நெடுக உயர்ந்த மாடிகள். பிள்ளைகள் போனிலேயே சனியைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அப்போது குழாயில் பூட்டிப் பார்த்த கண்ணாடி இப்போது என் அலுமாரியில். கதைக்கும்போதெல்லாம் அக்கா "வளையம் தெரியுதோ?" என்பாள். "தெரியுது" என்பேன், இத்தனை வருஷமாக. மார்கழியில் மகளோடு வருகிறாளாம். மகளுக்குக் காட்டவேண்டுமாம்.

அக்கா, இதை நீ வாசிப்பாய் எண்டு தெரியும்... நான் பொய் சொன்னனான். ஒருநாளும் ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. நீ அழுதுகொண்டு பிளேன் ஏறக் கூடாது எண்டுதான்.

வா. ரெண்டு பேருமாத் திரும்பத் தேய்ப்பம்.