நெலிடா அணைக்க விடமாட்டாள்

வாடிக்கையாளரின் விரல் அணைக்கும் பொத்தானைத் தொடுவதற்குள் நெலிடா வார்காயாவின் உள்ளங்கை அதை மூடிவிடும். "உயிர் இருக்கான்னு பார்க்காமலே குழி தோண்டுறீங்களே, நியாயமா?" என்பாள்.

அயாகூச்சோ ஊர்ச் சந்தைக்குப் பின்னால் எட்டுக் கணினிகளோடு இணைய நிலையம் நடத்துகிறாள். திரை உறைந்தால் முதலில் நாடி பார்ப்பாள். பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தும்போது அதன் பச்சை விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. அடுத்து மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்துவாள். ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் வரும். அதில் அடம்பிடிப்பதை மட்டும் நிறுத்துவாள். அதற்கும் மசியாவிட்டால் கடைசி மருந்து, நான்கு விசைகள் ஒன்றாக. திரை ஒரு கணம் கறுத்து, 'பீப்' என்று முனகி, விட்ட இடத்திலேயே கண் விழிக்கும். ஒவ்வொரு முறையும் நெலிடாவுக்குக் கண் கலங்கும்.

இத்தனை பாடுபடக் காரணம் உண்டு. அங்கே யாரும் எதையும் சேமித்து வைப்பதில்லை. வைத்தால் அடுத்து உட்காருபவர் படித்துவிடுவார். ஒரு போலீஸ்காரர் சேமித்துவைத்த காதல் கவிதையை உருளைக்கிழங்கு விற்பவர்கள் ஒரு வாரம் கூவித் தீர்த்தார்கள். அதன்பின் ஊரார் கேட்டுக்கொண்டபடி, அணைத்ததும் எல்லாம் அழிந்துபோகும்படி கணினிகளை மாற்றிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் கணினி உறைந்தது. அதன்முன் உட்கார்ந்திருந்தவர் முடிதிருத்தும் சத்துர்னீனோ. மனைவி இறந்து ஒன்பது வருடத்தில் முதல் முறையாகத் தைரியம் வந்து, ஒற்றை விரலால் மூன்று மணி நேரம் தட்டிய கடிதம் திரையில் விறைத்து நின்றது. அழிந்தால் மறுபடி எழுதும் நெஞ்சுரம் அவருக்கு வராது. திரையில் அதை மூடி மறைக்கவும் முடியவில்லை. கடிதத்துக்குரிய ரொட்டிக்காரி சோய்லாவோ, கணவனை இழந்தவள், நான்காம் கணினியில் உட்கார்ந்து லீமாவிலிருக்கும் தங்கையோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அவர் தன் கம்பளிப் போர்வையைக் கழற்றித் திரைமேல் போர்த்தினார்.

"என்ன சத்துர்னீனோ, கம்ப்யூட்டருக்குக் குளிருதா?" என்றாள் சோய்லா.

"ஜலதோஷம்," என்றார் அவர்.

நெலிடா ஓடி வந்தாள். போர்வையை விலக்காமல், ஒரு சொல்லைக்கூடப் படிக்காமல் காப்பாற்ற வேண்டும் என்று அவர் அவள் காதருகே கெஞ்சினார். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். விசையைத் தட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டாள், எரிகிறது என்றார். பார்க்காமல் பட்டியலைத் திறந்து பயனில்லை. நேரே கடைசி மருந்துக்குப் போனாள். நான்கு விசைகளையும் தடவிப் பிடித்து அழுத்தினாள்.

பீப்.

போர்வைக்குள் தலையை நுழைத்தவரின் குரல் உடைந்தது. "இருக்கும்மா. ஒரு வரிகூடப் போகல."

"மறுபடி நின்னா என்னால எழுப்ப முடியாது. இப்பவே அச்செடுத்துடுங்க."

"பிரிண்டர் அவங்க முழங்கைகிட்டல்ல இருக்கு. அவங்க கிளம்பட்டும், நெலிடா."

பக்கத்தில் சோய்லாவின் பேச்சு நின்றிருந்தது. அவள் நாற்காலி கிறீச்சிட்டது. போர்வைக்கடியில் நெலிடா அச்சுக்கான இரண்டு விசைகளை அழுத்தினாள். பிறகு, கண்ணைத் திறக்காமலே, அவருடைய அந்த ஒற்றை விரலைத் தேடிப் பிடித்து அச்சை உறுதிசெய்யும் விசையின்மேல் வைத்தாள்.