தெருவிளக்கு எரிவதற்குள்

கொரோனா அடங்கி, ஊர் பழையபடி ஆன பிறகு வந்த மழைக்காலம் அது. மைசூரில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு எதிரே, பூட்டிக் கிடந்த கடைகளின் வாசலில் நான் படுத்துவந்தேன். சொந்த ஊர் சேலத்துப் பக்கம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் நிலைத்ததும் இல்லை. கட்டட வேலை எங்கே நடக்கிறதோ அங்கே போய்விடுவேன். வேலை நடக்கும் இடத்தில் கொட்டகை இருந்தால் அதில் படுப்பேன், இல்லாவிட்டால் தெருவில். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை.

தெருவில் படுப்பவர்களுக்குச் சட்டம் எதுவும் கிடையாது என்று வீட்டில் படுப்பவர்கள் நினைக்கலாம். எங்கள் வரிசையில் கறாரான சட்டம் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலைதான் நல்ல இடம். காற்று அடிக்காது, சாரல் படாது. அங்கிருந்து தள்ளிப் போகப் போக நனைவது கூடும். கடைசி இடத்தில் தகரக் கூரைத் தண்ணீர் நேராக ஆள்மேல் சொட்டும். புதிதாக வருபவருக்கு அந்தச் சொட்டும் இடம்தான். யாராவது கிளம்பிப் போனால் மற்றவர்கள் ஓர் இடம் உள்ளே நகர்வார்கள். பகலில் துணி மூட்டையை வைத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஒருவரும் தொடமாட்டார்கள். ஆனால் தெருவிளக்கு எரிவதற்குள் திரும்பிவிட வேண்டும். வராவிட்டால் மூட்டையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்தவர் நகர்ந்துகொள்வார். அப்புறம் வந்தால் மறுபடியும் கடைசியிலிருந்துதான்.

அந்த மூலை ஓர் அக்காவுடையது. மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் உள்ள கௌதள்ளிப் பக்கத்துக்காரர். புருஷனை இதே ஆஸ்பத்திரியில் சேர்க்க வந்தவர். புருஷன் இறந்த பிறகு, ஊரில் இருந்த ஒற்றை அறையைக் கொழுந்தன் பூட்டிக்கொண்டதால் இங்கேயே தங்கிவிட்டார். காலையில் மார்க்கெட்டில் பூக்கடைகளுக்கு மாலை கட்டிக் கொடுப்பார். அவருக்கு இழுப்பு உண்டு. ஈரத்தில் படுத்தால் மூச்சு வாங்கும். சொட்டும் இடத்தில் தொடங்கி, எத்தனையோ மழையில் நனைந்து, அந்த மூலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தூக்கம் என்பதையே பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வேலையில் சென்ட்ரிங் பலகை ஆணி ஒன்று என் காலில் ஏறியது. மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு தொடர்ந்து வேலைக்குப் போனேன். ஒரு நாள் காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை.

“என்னடா கண்ணு, காலு பூசணிக்கா மாதிரி கெடக்குது?” என்றார் அக்கா.

“தானாச் சரியாப் போயிருமுங்க்கா.”

“எங்க சரியாப் போவும்? ஒத்தக் கால இங்க உட்டுப்போட்டு ஊரூரா நொண்டிக்கிட்டுத் திரியலாம்னு இருக்கிறியா? எந்திரி.”

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் எலும்பு வரை போய்விட்டது, இன்றே திறந்து சுத்தம் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் கால் தங்காது என்றார். கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மருந்து வாங்கி வரவும் ராத்திரி பார்த்துக்கொள்ளவும் ஒரு சொந்தக்காரர் வேண்டுமாம். எனக்கு யாருமில்லை என்பதை எப்போதும் கொஞ்சம் கெத்தாகவே சொல்வேன். அன்றைக்கு வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவோரம் நின்ற அக்கா, “நான் இருக்கறனுங்க. என்ற தம்பிதானுங்க” என்றார்.

தமிழ் தெரிந்த நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். “ஏனம்மா, போன தடவ ஒரு சித்தப்பா, அதுக்கு முந்தி ஒரு அண்ணன். இப்ப தம்பியா? இன்னும் எத்தன பேரும்மா உங்க வீட்ல?”

“எங்களுக்கு ஒறம்பரை சனம் ஜாஸ்திங்க. என்ன பண்றது, சொல்லுங்கோ.”

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. ஆளில்லாமல் யார் வந்து சேர்ந்தாலும் இவர் போய் உறவாக நிற்பாராம். இதுவரை எல்லாம் பகல் வேலையாக இருந்தது. விளக்கு எரிவதற்குள் மூலைக்குத் திரும்பிவிடுவார்.

என்னை உள்ளே அழைத்துப் போகும் நேரத்தில் விபத்தில் அடிபட்டவர்கள் வந்துவிட்டார்கள். என் முறை தள்ளிப்போனது. சாயங்காலம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. எனக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது.

“நீங்க போங்க்கா. விளக்குப் போட்டுருவாங்க” என்றேன்.

“உன்ன உள்ள கூட்டிட்டுப் போவட்டும். போறேன்.”

“இடம் போயிருமுங்க்கா.”

“பேசாமப் படுறா.”

ஜன்னல் வழியாகச் சாலை தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. அக்காவும் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, முந்தானையால் என் நெற்றியைத் துடைத்து, “காலைல பல்லு வெளக்குனியாடா? டாக்டரு கிட்டத்துல வரப்போறாரு, மயக்க மருந்து அவருக்கு வேண்டியதாப் போயிரும்” என்றார். வலியிலும் சிரித்துவிட்டேன்.

கால் தப்பியது. சுண்டுவிரல் மட்டும் போனது. என்னை அனுப்பும்வரை அக்கா வார்டு நடையில் படுத்தார். காலையில் போய்ப் பூக்கட்டிவிட்டு நேராக வார்டுக்கு வருவார். மாதேஸ்வரன் விபூதி என்று ஏதோ ஒரு பொட்டலத்திலிருந்து எடுத்துத் தினமும் எனக்குப் பூசிவிடுவார்.

நாங்கள் திரும்பியபோது மாடிப்படி மூலையில் பலூன் விற்பவர் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

“சட்டப்படிதான் நான் நகந்தேன்” என்றார் விறைப்பாக.

“யாருப்பா உன்ன எந்திரிக்கச் சொன்னது? நல்லாக் கால நீட்டிப் படு” என்று அக்கா தன் மூட்டையை எடுத்துக்கொண்டு கடைசிக்கு வந்தார்.

முதலிலிருந்தே வரிசையில் அவருக்குப் பின் சேர்ந்தவன் என்பதால் நான்தான் சொட்டும் இடத்துக்குப் போக வேண்டியவன். கட்டு நனையக் கூடாதென்று அவர் என்னை உள்ளே தள்ளிவிட்டு, அங்கே தான் படுத்துக்கொண்டார். “இதுக்குச் சட்டம் இல்லீங்க்கா” என்றேன். “அக்காளுக்குச் சட்டம் பேசறான் பாரு” என்றார். அந்த மழை ஓயும்வரை அவர் மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். ஒரு வார்த்தை முனகவில்லை. எனக்கு இதைச் செய்ததாக வரிசையில் யாரிடமும் சொன்னதும் இல்லை.

கால் ஆறியதும் வழக்கம்போல் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அப்போது அவர் சொட்டும் இடத்திலிருந்து இரண்டு இடம் உள்ளே நகர்ந்திருந்தார். மூலை இன்னும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலாவது, ஆளில்லாதவனிடம் ‘கூட யார்’ என்று கேட்டால், “அண்ணன்” என்று நானே முன்னால் போய் நின்றிருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, என்னால் முடிந்தது. வீடு இல்லாததை நான் ஒருநாளும் பெரிய குறையாக நினைத்ததில்லை. ஆனால் தனக்கென்று இருந்த ஒரே காய்ந்த இடம் கைவிட்டுப் போவதைப் பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்ட அந்த அக்காவை, எந்த ஊரில் தெருவிளக்கு எரியும்போதும் ஒரு முறை நினைத்துக்கொள்கிறேன்.