மயில் விழுத்திய இருவர்

மல்லாவி அரிசி ஆலையில் பத்தொன்பது வருடமாக மூட்டை தூக்கிய வீரகத்தி, காய்ச்சலென்றாலும் வேலைக்கு வருகிற மனிதர். போன பங்குனியில் நெல்மூட்டை அடுக்கின் உச்சியில் நின்றபோது, அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு மயில் அவர் முகத்துக்கு நேரே கிளம்பியது. கீழே விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.

ஆலை தன் தொழிலாளருக்குக் காப்புறுதி கட்டியிருந்தது. விசாரிக்க வவுனியாவிலிருந்து காப்புறுதிக் கம்பனி அனுப்பிய யோகநாதன் வந்தார்.

"என்னென்ன கிடைக்கும், ஐயா?" வீரகத்தியின் மனைவி சுகந்தினி கேட்டாள்.

"வைத்தியச் செலவு, ஆஸ்பத்திரிக்குப் போய்வாற செலவு. வேலைக்குப் போகாத நாளுக்குப் பாதிச் சம்பளம். கை பழையபடி வராட்டில் அதுக்கொரு தொகை. ஆள் செத்தால்தான் கூட."

சுகந்தினி புருசனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆனால் வேலையாலை வந்த காயமெண்டு காட்டவேணும். மயில் ஆரின்ரை?"

"முருகன்ரை," என்றார் வீரகத்தி.

யோகநாதன் அப்படியே எழுதினார். "அப்ப முதலாளியின்ரை இல்லை. அந்த முருகன்ரை விலாசம் வேணும்."

பகிடியாகக் கேட்கவில்லை. மயில் அங்கே நிற்குமென்பதிலும் அவருக்குச் சந்தேகம். படமெடுக்கத் தானே அடுக்கில் ஏறினார். மயில் நின்றது. யோகநாதன் விழுந்தார், வலது கால் முறிந்தது. வீரகத்திதான் ஒற்றைக் கையால் அவரைத் தாங்கி ஓட்டோவில் ஏற்றினார்.

"உங்களுக்கு என்ன கிடைக்கும், ஐயா?" ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. நான் கொமிசனுக்கு வேலை செய்யிறன். கம்பனியின்ரை ஆளில்லையாம்."

வீரகத்திக்கு உண்மையாகவே மனம் கஷ்டமாகிவிட்டது. "மயிலைக் கண்டனீங்கள்தானே?" என்றார்.

"கண்டனான்."

"அப்ப அதை எழுதுங்கோ."

படுத்தபடியே யோகநாதன் எழுதினார்: 'மயில் நேரில் உறுதிப்படுத்தப்பட்டது. விபத்து வேலையின்போதே நடந்தது.'

இரண்டு மாதத்தில் எல்லாம் கிடைத்தது. மணிக்கட்டு முழுதாகத் திரும்பாதென்று டொக்டர் சொன்னதால் அந்தத் தொகையும் வந்தது. வீரகத்திக்கு இப்போது தராசடியில் வேலை.

காசோலையைக் கொடுக்க யோகநாதன் ஊன்றுகோலோடு வந்தார். ஆலைக்குள் வர மறுத்து வாசற்படலையடியிலேயே நின்றார். காசோலை வாங்க வந்திருந்த சுகந்தினி தேத்தண்ணியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, "மில்லிலை கணக்கெழுத ஆள் தேவையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

தேவையாக இருந்தது. அடுத்த திங்களே வேலைக்கு வந்தார். சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. காப்புறுதிப் பட்டியலில் தன் பெயர் ஏறிய பிறகுதான் படலையைத் தாண்டி உள்ளே வந்தார்.