தங்கை போட்ட புத்தகம்

அக்கா அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை பார்த்தாள். மழைக்கால விடுமுறை வந்தால், வெட்டி ஒதுக்கிய தாள்களை வீட்டுக்கு அள்ளி வருவாள். தன் இரண்டு பெண்களோடு தங்கையின் பிள்ளைகளையும் உட்கார வைத்து, தீப்பெட்டி ரயிலும் தாவும் காகிதத் தவளையும் செய்யச் சொல்லிக்கொடுப்பாள். தங்கை பக்கத்தில் நின்று படம் எடுப்பாள். "சும்மா, ஞாபகத்துக்குத்தான்க்கா" என்பாள்.

ஒரு நாள் காலை அச்சகத்தில், அச்சாகி மடிப்பதற்கு வந்த தாள்களில் அந்த ரயில் இருந்தது. தவளையும் இருந்தது. அதற்குச் சின்ன மகள் வைத்த பட்டப்பெயர்கூட மாறவில்லை. முதல் பக்கத்தில் எழுதியவர் என்று தங்கையின் பெயர். நன்றி சொல்லும் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். கணவர், மாமியார், வீட்டுப் பூனை எல்லோரும் இருந்தார்கள். அக்கா இல்லை.

மதியம் போன் செய்து கேட்டாள்.

"நீ என்ன புத்தகமா போடப் போற? சும்மா கிடந்ததுதானேக்கா" என்றாள் தங்கை.

அக்கா போனை வைத்துவிட்டு, மீதித் தாள்களையும் கோணாமல் மடித்து முடித்தாள்.

அடுத்த மழை விடுமுறையில் தங்கை பிள்ளைகளோடு வாசலில் வந்து நின்றாள்.

"பசங்க உள்ள வரட்டும். நீ சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போ" என்று சொல்லி அக்கா கதவைச் சாத்தினாள்.